கரட்டூர் மைதானத்துக்கு ஓதம் வந்த வருஷம்

கடலிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்று நூற்பாலைகளும் ஒரு சந்தைப்பேட்டையும் ஏகப்பட்ட வெயிலும் இருக்கிற கரட்டூரில், மகளிர் கல்லூரிக்கு என்று ஒரு கால்பந்து அணி இருந்தது; அந்த அணி பதினோரு வருஷமாக ஓர் ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை; அதற்காக ஊரில் யாரும் அதன்மேல் கோபப்பட்டதும் இல்லை, மழை பெய்யாத ஊரில் வானத்தின்மேல் எத்தனை நாள்தான் கோபமாக இருக்க முடியும்?

கோபம் இருந்தது ஒரே ஒருத்திக்கு. அவள் அணித்தலைவி நாகஜோதி. வரலாறு, மூன்றாம் வருஷம். அவளுடைய அம்மா முதல் மில்லில் வேலை பார்த்தாள், அக்கா இரண்டாவது மில்லில் வேலை பார்த்தாள், கல்லூரிப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மூன்றாவது மில்லின் மேஸ்திரி வாரம் ஒருமுறை சைக்கிளை நிறுத்தி, “படிப்பு முடியப்போகுதாம்மா? உனக்குன்னு ஒரு மிசின் ஒதுக்கி வச்சிருக்கேன்” என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போவார். நாகஜோதிக்கோ ஆறாம் வகுப்பிலிருந்து போலீஸ் ஆக வேண்டும் என்று ஆசை. விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம், ஆனால் மண்டலக் கோப்பையை ஜெயித்த சான்றிதழ் வேண்டும். தோற்ற அணிக்கு அந்தத் தாள் கிடையாது. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வருஷம்தான்.

அந்த வருஷம் வழக்கமான சுண்ணாம்பு வந்து சேரவில்லை.

மைதானத்தைச் சீர்செய்து, வலை கட்டி, கோடு போடுகிறவருக்குக் கல்லூரிகளில் மார்க்கர் என்று பெயர். கரட்டூர் கல்லூரியின் மார்க்கர் இருளாண்டி, இரண்டு முளைக்கு நடுவே கயிறு கட்டி, பின்பக்கமாக நடந்துகொண்டே கோடு போடுவார். போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே போனால்தான் போடப்போகிற கோடு நேராக வரும் என்பது அவருடைய கொள்கை. முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சுண்ணாம்பு இல்லாமல் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சந்தைக்குக் கருவாடு ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர், சிப்பித்துறையிலிருந்து ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பை இறக்கிவிட்டுப் போனார். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சூளையில் சுட்டு எடுத்தது. இருளாண்டி அதை நீர்தெளித்து, சலித்து, ஆட்டத்தன்று காலையில் பின்பக்கமாக நடந்து கோடு போட்டார். அவ்வளவு வெள்ளையான கோட்டை அந்த ஊர் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஆட்டம் நடந்தது. எழுபது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது கரட்டூரின் வலது ஓரத்தில் ஆடும் பானு, இரண்டாம் வருஷம் வணிகவியல், ஒரு பந்தை உதைத்தாள். உதை என்று அதைச் சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பந்து உருண்டு, களைத்து, கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது. எதிரணிக் கோல்காரி சிரித்துக்கொண்டே, அவசரமில்லாமல், கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கோடு, மேய்ச்சல் முடிந்த பசு வீட்டுக்கு வருவதுபோல நிதானமாக உள்பக்கம் நகர்ந்து வந்து, பந்துக்கு அடியில் புகுந்து, அந்தப்பக்கமாகப் போய் நின்றது. பந்து முழுவதும் கோட்டுக்குப் பின்னால் இருந்தது. நடுவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், விசில் ஊதினார். கோல்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு கரட்டூர் ஜெயித்தது.

மறுநாள் முதல்வர் இருளாண்டியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். இருளாண்டி ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: ‘கோட்டைப் போட்டது நான், நகர்த்தியது நான் அல்ல.’ பிறகு மூட்டையின் மேல் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். சூளைக்காரி சவேரியம்மாள் எடுத்தாள். பின்னால் கடல் இரைந்தது.

“அம்மா, உங்க சுண்ணாம்பு நகருதும்மா.”

“எப்பம்?”

“நேத்து மத்தியானம் பன்னண்டு மணில இருந்து ஆறு மணி வரைக்கும் உள்ள வந்துச்சு. அப்புறம் வெளிய போக ஆரம்பிச்சிருச்சு.”

“அப்ப இன்னைக்கு பன்னண்டே முக்காலுக்கு உள்ள வரும், பாருங்க. இங்க ஓதம் அப்பந்தான் வத்தத் தொடங்கும்.”

“ஓதம்னா?”

“கடல்தண்ணி கரையில ஏறுறதும் எறங்குறதும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும். பௌர்ணமி அமாவாசைன்னா ரொம்ப ஏறும். பொறந்ததுல இருந்து அதுலயே கெடந்த சிப்பி. வந்த எடத்துல பழக்கத்தை விடுமா?”

“இதுக்கு நாங்க என்னம்மா செய்யணும்?”

“என்ன செய்ய? நாங்க என்ன, கடலைக் கட்டியா போட்டிருக்கோம்?” என்று சொல்லிவிட்டு, உலை காய்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு கரட்டூருக்கு ஓதம் பழகிவிட்டது. மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், வடை, போண்டா என்று எழுதும் கரும்பலகையின் அடியில் ‘இன்று ஏற்றம் 4.10, வற்றம் 10.15’ என்று எழுதத் தொடங்கினார்கள். சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடக்கும் சர்க்கரை நோயாளிகள், ஏற்றத்தில் நான்கு சுற்றும் வற்றத்தில் ஏழு சுற்றும் சமம் என்று டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள். பௌர்ணமியன்று ஓரக்கோடு வேப்பமரங்களைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி, நூலகத்தின் முதல் படி வரை ஏறியபோது, நூலகர் தன்னுடைய ஸ்கூட்டர் ஆட்டத்துக்குள் நிற்பதைப் பார்த்து, போய்த் தள்ளிக்கொண்டு வந்தார். மைதானத்தின் நடுப்புள்ளி மட்டும் எப்போதும் அசையவில்லை. மார்க்கர் இருளாண்டி தினமும் காலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தான் போட்டபடியே இருக்கிற ஒன்றையாவது பார்த்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கியது.

வந்த அணிகள் முறையிட்டன. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மைதானம் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று அதில் இருந்தது, கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்க வேண்டும் என்றும் இருந்தது, அது சும்மா கிடக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நாடாவை வைத்து அளந்தார். நான்காவது பக்கத்தை அளந்து முடிப்பதற்குள் முதல் பக்கம் மாறியிருந்தது. ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு டீமுக்கும் ஒரே கோடுதானே சார்” என்றார் உடற்கல்வி இயக்குநர் ராஜகனி மேடம். கல்யாண வீட்டுக்கும் கழுத்தில் விசிலோடு போகிறவர் அவர்.

கோடு ஒன்றுதான். ஆனால் அது எப்போது வரும், எப்போது போகும் என்பது கரட்டூர்க்காரிகளுக்குத்தான் தெரியும். நாகஜோதி தினமும் மத்தியானம் சிப்பித்துறைக்குப் போன் போட்டாள். “அக்கா, இன்னைக்கு எப்படி?” என்று கேட்டால், சவேரியம்மாள் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுச் சொல்வாள். அவள் சொன்னபடி இவர்கள் பழகினார்கள். பெரிய ஏற்றத்தில் மைதானம் அகண்டு விரியும்போது, பதினோரு பேரும் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் நின்று, நெடுந்தூரம் பந்தை அனுப்பி, நெடுந்தூரம் ஓடிப் பழகினார்கள். பெரிய வற்றத்தில் மைதானம் பாய்போலச் சுருங்கும்போது, ஒருத்தி மூச்சு இன்னொருத்தி பிடரியில் படுகிற நெருக்கத்தில், தொட்டுத் தொட்டுப் பந்தைத் தட்டப் பழகினார்கள். உள்ளூரில் நான்கு ஆட்டம், நான்கிலும் வெற்றி. மில் மேஸ்திரி சைக்கிளை நிறுத்துவதைக் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஆட்டம் வெளியூரில்.

அங்கே பானு வலது ஓரத்தில் பந்தோடு பறந்தாள். பந்து கொஞ்சம் முந்திக்கொண்டு ஓரக்கோட்டை நோக்கி உருண்டது. பானு ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, பொறுமையாக நின்றாள். மணி நாலு ஐம்பது, ஏற்ற நேரம், கோடு தானாக விலகி வழிவிடும் என்று நின்றாள். கோடு விலகவில்லை. பந்து வெளியே போனது. ஒருமுறை அல்ல, மூன்றுமுறை போனது.

“ஏண்டி, தூங்குறியா?” என்று கத்தினார் ராஜகனி மேடம்.

“கோடு போகும்னு பார்த்தேன் மேடம்!”

“அது பாறைச் சுண்ணாம்புடி! பாறைக்கு ஏதுடி ஓதம்!”

மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனாலும் முதல் நான்கு வெற்றி கை கொடுத்தது. கரட்டூர் மண்டல இறுதிக்கு வந்துவிட்டது.

இறுதி ஆட்டம் எங்கே என்ற கடிதம் வந்தபோது, முதல்வர் அறையில் பெரிய சிரிப்பு எழுந்தது. இறுதி ஆட்டம் சிப்பித்துறையில். எதிரணியும் சிப்பித்துறைக் கல்லூரிதான். கோடு போடுவதும் சவேரியம்மாள் சூளைச் சுண்ணாம்பில்தான்.

“இங்கேயே அந்த ஓட்டம் ஓடுது, அங்க கடல் பக்கத்துலயே இருக்கு, கோடு குதிரையாட்டம் பாயும்” என்றார் முதல்வர்.

நாகஜோதி நோட்டில் கட்டம் போட்டாள். அன்றைக்குப் பௌர்ணமி. நாலு மணிக்கு ஆட்டம், நாலு இருபதுக்கு ஏற்றம் தொடங்கும். முதல் பாதியில் ஓரங்களை விட்டுவிட்டு ஆடி எதிராளியை நடுவில் இழுத்துப் போட்டு, கோடு விரிய விரிய ஓரத்தில் பாய வேண்டும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒருத்தி எங்கே நிற்க வேண்டும் என்று எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, அந்தத் தாளைச் சான்றிதழைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பேருந்து சிப்பித்துறைக்குள் நுழைந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள்.

“இவ்வளவுமா?” என்றாள் பானு.

“இது மொத்தமும் நம்ம கிரவுண்டுக்கு வந்து போய்ட்டிருந்துச்சா?” என்றாள் இன்னொருத்தி. இருளாண்டி மட்டும் அலை விட்டுப்போன ஈரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிய கோடு, எவ்வளவு கோணல் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆட்டம் தொடங்கியது. நாலு இருபது ஆயிற்று. கோடு நகரவில்லை. நாலரை ஆயிற்று. வெளியே கடல் ஏறிக்கொண்டே இருந்தது, கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட்டார்கள், கோடு மட்டும் வெட்டிவைத்ததுபோல அசையாமல் கிடந்தது. நாகஜோதி எழுதிய தாளின்படி பதினோரு பேரும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றார்கள், மைதானம்தான் அங்கே வரவில்லை. சிப்பித்துறைப் பெண்கள் மணலில் ஓடி வளர்ந்தவர்கள்; இரண்டு கோல் போட்டார்கள்; “என்ன மக்கா, பஸ்ஸுக்கா நிக்கிய?” என்று கேட்டுவிட்டும் போனார்கள்.

இடைவேளையில் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்க, புடவைத் தலைப்பில் சுண்ணாம்புத் தூசியோடு ஒரு பெண் ஒரு பானை மோருடன் வந்தாள்.

“இதுல நாகஜோதி யாரு?”

குரலைக் கேட்டதும் நாகஜோதி எழுந்தாள். “சவேரியக்கா!”

“ஏட்டி, நீயா! போன்ல கேட்டா ஆறடி இருப்பேன்னு நெனச்சேன்.”

“அக்கா, கோடு நகரவே இல்லக்கா.”

“இங்க எதுக்கு நகரணும்?” என்று மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள் சவேரியம்மாள். “பக்கத்துலயே கெடக்கு கடலு. அது வீட்டுல இருக்கு, நிம்மதியா படுத்திருக்கு. உங்க ஊருலதான் அதுக்குத் தவிப்பு. கடல் எங்கன்னு தேடித் தேடி வெளிய போயிருக்கும். காணலைன்னு திரும்ப வந்திருக்கும்.”

நாகஜோதிக்கு மூன்றாவது மில்லின் கேட் கண்ணில் தெரிந்தது. அதற்குள்ளே தனக்கென்று ஒதுக்கிவைத்த மிசினும் தெரிந்தது. அவள் மோர் டம்ளரோடு கடலைப் பார்த்தாள். அலை விரிந்து கரை முழுவதும் பரவியது, பிறகு சுருங்கித் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போனது, மறுபடி பரவியது. தொண்ணூறு நாள் அவர்கள் அதைத்தானே செய்திருந்தார்கள்?

“ஏய், எல்லாரும் இங்க பாருங்கடி. கோடு ஏறலைன்னா போகட்டும். நாம ஏறுவோம்.”

“என்னது?”

“பந்து நம்மகிட்ட இருந்தா ‘ஏத்தம்’னு கத்துவேன். பௌர்ணமிக்கு லைப்ரரி வரைக்கும் போய் நிப்போம்ல, அப்படி விரிஞ்சு நில்லுங்க. பந்து அவங்ககிட்ட போனா ‘வத்தம்’. பாய் சுருட்டுற மாதிரி உள்ள வந்திரணும், ஒருத்திக்கு ஒருத்தி நடுவுல காத்துகூடப் போகக் கூடாது.”

ராஜகனி மேடம் வாயில் இருந்த விசிலை எடுத்தார். “இதைத்தாண்டி நான் பதினோரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்!”

“நீங்க போர்டுல படம் போட்டுச் சொன்னீங்க மேடம்” என்றாள் பானு.

இரண்டாம் பாதியில் “வத்தம்!” என்று நாகஜோதி கத்த, பதினோரு பேரும் ஒரு கைப்பிடிக்குள் வந்தார்கள், சிப்பித்துறைப் பந்து அந்தக் கைப்பிடியில் முட்டி நின்றது, “ஏத்தம்!” என்று கத்த, மைதானத்தின் நான்கு மூலைக்கும் பரவினார்கள், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் எதிராளிகள் நடுவில் சுற்றினார்கள், வற்றி, ஏறி, வற்றி, ஏறி, அறுபதாவது நிமிடத்தில் ஒன்று, எழுபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொன்று, இரண்டுக்கு இரண்டு. கரையில் நின்றிருந்த மீனவர்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்களையறியாமல் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

கடைசி நிமிடத்தில் பந்து வலது ஓரம் போனது. பானு துரத்தினாள். பந்து முந்திக்கொண்டு, கோல் பக்கத்துக் கோட்டை நோக்கி உருண்டது. பானுவின் கால் வேகம் குறைவதை நாகஜோதி பார்த்தாள். அந்தக் கால்களுக்கு மூளையைக் கேட்கும் வழக்கம் இல்லை. கோடு விலகும் என்று அவை இன்னும் நம்பின.

“பானு! அது போகாதுடி! நீ போ!”

பானு பாய்ந்தாள். மண்ணோடு மண்ணாகச் சறுக்கிப் போய், பந்து கோட்டின் வெள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கால் நுனியால் கொக்கிபோட்டு இழுத்துத் தூக்கினாள். பந்து வளைந்து வந்தது. நாகஜோதி எகிறி, நெற்றியால் அதற்கு ஒரு முட்டு கொடுத்தாள். வலை குலுங்கியது. நெற்றியில் சிப்பிச் சுண்ணாம்பு ஒரு பொட்டுபோல ஒட்டியிருந்தது. அன்று எடுத்த புகைப்படத்தில் அதுதான் முதலில் தெரியும்.

கோப்பையை ராஜகனி மேடம் மடியில் வைத்துக்கொண்டார். சான்றிதழை நாகஜோதி ஜன்னல் காற்றுக்குப் பயந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் விடியற்காலையில் கரட்டூர் வந்து இறங்கியபோது, அவள் கையில் இருபது லிட்டர் கேன் ஒன்று இருந்தது. கடல்தண்ணீர்.

“அண்ணே, இதைக் கோட்டுல ஊத்தணும்” என்றாள் இருளாண்டியிடம்.

பானு கேனை மறித்தாள். “அக்கா, உங்களுக்குச் சான்றிதழ் வந்திருச்சு. எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. கோடு நின்னுபோச்சுன்னா?”

“அது தண்ணி கேட்டுக் கெடந்துச்சுடி. நாம அது மேல மேட்ச் ஆடிட்டிருந்தோம்.”

பானு கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தாள். வற்றம் முடிந்து, அது அப்போதுதான் மெல்ல வெளியே கிளம்பிக்கொண்டிருந்தது. பிறகு கேனை அவளே வாங்கி, மூடியைத் திறந்து, கோட்டின்மேல் ஊற்றிக்கொண்டே நடந்தாள். பின்பக்கமாக நடந்தாள், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று இருளாண்டி சொல்லிவிட்டார். நான்கு பக்கமும் நனைந்ததும் கோடு ஒரு பெருமூச்சு விடுவதுபோலக் கொஞ்சம் அகலமாகி, அப்படியே படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை.

ஒரு வாரம் ஊருக்குக் கை ஒடிந்ததுபோல இருந்தது. டீக்கடைப் பலகையில் அந்த இடத்தில் பஜ்ஜி ஏறியது. நடக்கிறவர்கள் மறுபடி ஒரே எண்ணிக்கையில் சுற்றினார்கள்.

அடுத்த வருஷம் மண்டல இறுதி கரட்டூரில் நடந்தது. பானுதான் தலைவி. ஊரே திரண்டு வந்து கோட்டை மிதித்துக்கொண்டு நின்றது. பாதுகாப்புக்கு வந்த நான்கு போலீஸாரில் ஒருத்தி, புதுக் காக்கிச் சட்டை கஞ்சி மொடமொடக்க, லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, “பின்னால போங்க, கோட்டை விட்டுப் பின்னால போங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் கூட்டம் போயிருந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கடிகாரம் பார்க்காமல், நூலகர், மில் மேஸ்திரி, சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் பேச்சை நிறுத்தாமலேயே ஒரே நேரத்தில் மூன்று அடி பின்னால் வைத்தார்கள். மைதானம் நான்கு பக்கமும் அகண்டது.

நாகஜோதி லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனை எடுத்தாள்.

“அக்கா, ஓதம் ஏறிருச்சா?”

“இப்பந்தாம்டி” என்றாள் சவேரியம்மாள். பின்னால் கடல் இரைந்தது.